மருந்துக்கு முன்னால் நிற்கும் கதவுகள்

2024 மே மாதம் கேரளத்தின் கோதமங்கலத்தில், சிறப்புக் குழந்தைகளுக்கான மறுவாழ்வு மையமான 'பீஸ் வேலி'யில் ஒரு விழா நடந்தது. மேடையேறிய நடிகர் ஃபகத் ஃபாசில், தனக்கு ஏடிஹெச்டி இருப்பது தெரியவந்திருப்பதைச் சொன்னார். சிறு வயதிலேயே கண்டுபிடித்தால் எளிதாகச் சரிசெய்யலாம் என்று ஒரு மருத்துவர் சொல்ல, 41 வயதில் தெரியவந்தால் சரியாகுமா என்று இவர் கேட்டிருக்கிறார். 'விக்ரம்', 'மாமன்னன்' படங்களில் அவரை ரசித்த தமிழ்நாட்டிலும் அந்தப் பேச்சு வேகமாகப் பரவியது. ஏடிஹெச்டி, அதாவது கவனக்குறைவு மிகைச்செயல்பாட்டுக் கோளாறு என்றால் வகுப்பில் ஓர் இடத்தில் உட்காராத பையனின் பிரச்சினை என்று எண்ணியிருந்த பலருக்கு, நாற்பது வயதில் அது கண்டறியப்படும் என்பதே செய்தியாக இருந்தது.

அவருடைய கேள்விக்கு மருத்துவம் தரும் பதில் நேரானது. அடியோடு குணமாகிவிடும் என்று சொல்ல முடியாது. ஆனால் எந்த வயதிலும் கட்டுக்குள் கொண்டுவரலாம். மனநல மருத்துவத்தில் நன்றாக வேலை செய்யும் மருந்துகளை வரிசைப்படுத்தினால் இதற்கான மருந்துகள் முன்வரிசையில் வரும். காப்புரிமைக் காலம் முடிந்து, இந்திய நிறுவனங்களே தயாரிப்பதால் விலையும் கைக்கு எட்டும் தொலைவில்தான் இருக்கிறது. அப்படியும் பெரும்பாலானோர் அந்த மருந்துவரை போய்ச் சேர்வதில்லை. செலவும் அலைச்சலும் அதற்கு முன்னால் உள்ள கட்டங்களிலேயே தீர்ந்துவிடுகின்றன.

துறுதுறுவென்று திரியும் பிள்ளை வளர்ந்தால் அடங்கிவிடும் என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வார்கள். மருத்துவர்களும் வெகுகாலம் அதையே நம்பினார்கள். 1902-இல் லண்டனில் ஜார்ஜ் ஸ்டில் என்ற குழந்தைகள் மருத்துவர் இத்தகைய பிள்ளைகளைப் பற்றி ஆற்றிய உரைகளை இந்தத் துறையின் தொடக்கப் புள்ளிகளில் ஒன்றாகக் குறிப்பிடுவது வழக்கம். அதன் பின் எழுபது ஆண்டுகளுக்கு மேல் ஆய்வுகள் பெரும்பாலும் குழந்தைகளையே சுற்றி வந்தன. அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடான டிஎஸ்எம், 1980-இல் வந்த மூன்றாம் பதிப்பில்தான் பெரியவர்களிடம் மிஞ்சி நிற்கும் வகை என்று ஒரு சிறு இடம் ஒதுக்கியது. 2013-இல் வந்த ஐந்தாம் பதிப்பு வரையறையையே தளர்த்தியது. அறிகுறிகள் 7 வயதுக்கு முன் தொடங்கியிருக்க வேண்டும் என்ற விதி 12 வயது என்று மாறியது. ஒன்பது அறிகுறிகளில் ஆறு வேண்டும் என்றிருந்தது, 17 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு ஐந்து போதும் என்றானது.

எத்தனை பேருக்கு இருக்கிறது? பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2021-இல் வெளியான ஒரு மதிப்பீடு, சிறு வயதில் தொடங்கி பெரியவரான பின்னும் தொடரும் ஏடிஹெச்டி உலகில் 2.58 சதவீதம் பேருக்கு இருப்பதாகச் சொல்கிறது. நூறு பேர் வேலை செய்யும் அலுவலகத்தில் இரண்டு மூன்று பேர்.

அவர்கள் யாரும் நாற்காலி மேல் ஏறிக் குதிப்பதில்லை. வயது ஏற ஏற உடலின் பரபரப்பு உள்ளுக்குள் போய்விடும். கணக்கில் பணம் இருந்தும் மின் கட்டணத்தைக் கடைசி நாள் தாண்டிக் கட்டுவார்கள். வேலையின் கடினமான பகுதியை ஒரே மூச்சில் முடித்துவிட்டு, கடைசி இரண்டு பக்கத்தை மாதக்கணக்கில் இழுப்பார்கள். கல்லூரியில் பாடம் புரிந்தும் அரியர் விழுந்திருக்கும். பிடித்த விஷயம் என்றால் ஐந்து மணி நேரம் எழாமல் உட்காருவார்கள். அதனாலேயே 'மனசு வச்சா முடியும், சோம்பேறித்தனம்தான்' என்ற பேச்சையும் வாங்கிக் கட்டிக்கொள்வார்கள்.

சோம்பலுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு மூளையில் இருக்கிறது. நெற்றிக்குப் பின்னால் உள்ள முன்மூளைப் பகுதிதான் எதை முதலில் செய்வது, எதைத் தள்ளிப்போடுவது, எந்த உந்துதலை அடக்குவது என்று தீர்மானிக்கிறது. டோபமைன், நார்அட்ரினலின் என்ற இரண்டு வேதிப்பொருள்கள் சரியான அளவில் கிடைத்தால்தான் அது ஒழுங்காக வேலை செய்யும். ஏடிஹெச்டி உள்ளவர்களிடம் இந்தச் சமிக்ஞைகள் சீராக இல்லை என்பதே இப்போதைக்கு வலுவாக நிற்கும் விளக்கம். உடனே பலன் தரும் வேலை அவர்களை இழுத்துக்கொள்கிறது. மூன்று வாரம் கழித்துப் பலன் தரும் வேலை எவ்வளவு முக்கியமானாலும் மூளையில் பொறி கிளப்புவதில்லை. இதில் பரம்பரையின் பங்கு பெரிது. இரட்டையர்களை வைத்து நடந்த ஆய்வுகள் மரபுவழித் தாக்கத்தை ஏறத்தாழ 74 சதவீதம் என்று கணிக்கின்றன. 2023-இல் வெளியான ஒரு மரபணு ஆய்வு, இந்தக் கோளாறோடு தொடர்புள்ள 27 இடங்களை மனித மரபணுத் தொகுதியில் அடையாளம் காட்டியது. ஒவ்வொன்றின் பங்கும் மிகச் சிறியது. எனவே இன்ன மரபணு இருந்தால் இன்ன நோய் என்று ரத்தப் பரிசோதனையில் சொல்ல வழியில்லை.

பரம்பரை என்பதால் பலருக்கு நோய் தெரியவருவது பிள்ளை வழியாகத்தான். பள்ளியில் புகார் வந்து, மகனைக் குழந்தைகள் மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போகிறார் ஓர் அப்பா. பொருள்களைத் தொலைப்பானா, பேசி முடிப்பதற்குள் குறுக்கே பதில் சொல்வானா, வீட்டுப்பாடத்தைத் தொடங்கவே அடம்பிடிப்பானா என்று மருத்துவர் கேட்டுக்கொண்டே போகிறார். பத்தாவது கேள்வியில் அப்பாவுக்கு, கேட்பது மகனைப் பற்றியா தன்னைப் பற்றியா என்ற சந்தேகம் வந்துவிடுகிறது.

பெண்களுக்கு இது இன்னும் தாமதமாகவே தெரிகிறது. ஓடியாடும் பையன் ஆசிரியர் கண்ணில் படுகிறான். ஜன்னலோரம் உட்கார்ந்து வேறெங்கோ சஞ்சரிக்கும் பெண் யாருக்கும் தொந்தரவு தருவதில்லை. சிறு வயதில் மருத்துவமனைக்கு வருபவர்களில் ஆண் பிள்ளைகள் பல மடங்கு அதிகம். பெரியவர்களில் அந்த இடைவெளி பெருமளவு சுருங்கிவிடுகிறது. இடைப்பட்ட காலத்தில் பல பெண்கள் பதற்றத்துக்கும் மனச்சோர்வுக்கும் மட்டும் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள்.

சரி, எப்படிக் கண்டறிவது? இந்த இடத்தில்தான் காசு வீணாகப் போக வாய்ப்பு அதிகம். மூளை ஸ்கேன், மூளை மின்னலைப் படம், கணினி முன் உட்காரவைத்துச் செய்யும் கவனச் சோதனை என்று எதுவும் தனியாகப் பெரியவர்களின் ஏடிஹெச்டியை உறுதி செய்யாது. உறுதி செய்வது நீண்ட உரையாடல். ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஓடும் அந்தப் பேட்டியில் மருத்துவர் ஒவ்வோர் அறிகுறியையும் இரண்டு காலத்தில் வைத்துக் கேட்பார்: இப்போது எப்படி, பத்து வயதில் எப்படி. வீடு, வேலை, உறவு என்று குறைந்தது இரண்டு இடங்களிலாவது அது வாழ்க்கையைப் பாதித்திருக்க வேண்டும். நெதர்லாந்தில் சாண்ட்ரா கோய் குழுவினர் உருவாக்கிய 'திவா' என்ற நேர்காணல் படிவம் பல நாடுகளில் இதற்குப் பயன்படுகிறது.

அந்த நாளுக்குப் பரணில் கிடக்கும் பழைய மதிப்பெண் அட்டைகள், எந்த ஸ்கேனையும்விட உதவும். மதிப்பெண்ணைக் காட்டிலும் ஓரத்தில் வகுப்பாசிரியர் எழுதிய குறிப்பைத்தான் மருத்துவர் தேடுவார். அம்மாவோ அக்காவோ கூட வந்தால் இன்னும் நல்லது. தனக்குப் பத்து வயதில் எப்படி இருந்தது என்பது அவரவர் நினைவில் தேய்ந்திருக்கும். தண்ணீர் பாட்டிலை வாரம் ஒன்றாகத் தொலைத்ததை அம்மா மறந்திருக்க மாட்டார்.

உலக சுகாதார நிறுவனத்துக்காக ரொனால்ட் கெஸ்லர் குழுவினர் தயாரித்து 2005-இல் வெளியிட்ட ஏஎஸ்ஆர்எஸ் வினாப்பட்டியல் இலவசமாகக் கிடைக்கிறது. 18 கேள்விகள். அவற்றில் முதல் ஆறுதான் சல்லடை. வேலையின் கடைசி நுணுக்கங்களை முடிக்கத் திணறல், ஒழுங்குபடுத்துவதில் சிரமம், சந்திப்புகளை மறத்தல், யோசிக்க வேண்டிய வேலையைத் தள்ளிப்போடுதல், உட்கார்ந்த இடத்தில் கைகாலை ஆட்டுதல், உள்ளே மோட்டார் ஓடுவது போன்ற உந்துதல் ஆகியவை கடந்த ஆறு மாதத்தில் எவ்வளவு அடிக்கடி என்று கேட்கும். ஆறில் நான்கு குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் மருத்துவரைப் பார்க்கலாம். அதற்கு மேல் அந்தத் தாளுக்கு அதிகாரம் இல்லை.

ஏனென்றால் தூக்கம் கெட்டவருக்கும் இதே மதிப்பெண் வரும். தைராய்டு குறைபாடு, ரத்தசோகை, குறட்டையோடு மூச்சு திணறும் தூக்கக் கோளாறு, மனச்சோர்வு, இருமுனையக் கோளாறு, மது என்று கவனத்தைக் குலைக்கும் பட்டியல் நீளமானது. மார்கரெட் சிப்லி குழுவினர் 2018-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இதைத் துல்லியமாகக் காட்டியது. சிறு வயதில் அறிகுறி இல்லாமல் பின்னாளில் 'வந்ததாக'ச் சல்லடையில் சிக்கியவர்களை முறையாக ஆராய்ந்தபோது, சுமார் 95 சதவீதம் பேர் விலக்கப்பட்டார்கள். வேறொரு மனநலச் சிக்கலோ போதைப் பழக்கமோ, அல்லது வாழ்க்கையைப் பாதிக்காத அளவு அறிகுறிகளோதான் பலரிடம் இருந்தன. கனடிய ஆய்வாளர்கள் 2022-இல் டிக்டாக்கில் அதிகம் பார்க்கப்பட்ட 100 ஏடிஹெச்டி காணொளிகளை அலசியபோது அவற்றில் 52 தவறாக வழிநடத்துபவையாக இருந்தன. மருத்துவர் முதல் நாளே தைராய்டு பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தால் அது அவநம்பிக்கை அல்ல, முறை.

அடுத்த கதவு, மருத்துவர். இந்தியாவில் ஒரு லட்சம் பேருக்கு 0.75 மனநல மருத்துவர்தான் இருக்கிறார் என்பது நாடாளுமன்ற நிலைக்குழுவே சுட்டிக்காட்டிய கணக்கு. குறைந்தது மூன்று பேராவது வேண்டும். இருப்பவர்களிலும், ஏடிஹெச்டியைக் குழந்தைகள் பிரிவில் மட்டும் பார்த்துப் பழகியவர்கள் உண்டு. நெரிசலான புறநோயாளிகள் பிரிவில் ஒருவருக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குவதும் எளிதல்ல. இந்த இடைவெளியில்தான் பெருநகரத் தனியார் மையங்கள் பல ஆயிரம் ரூபாய்க்குப் பரிசோதனைத் தொகுப்புகளை விற்கின்றன. அவற்றில் சில உண்மையிலேயே முழுமையானவை. ஆனால் உளவியலாளர் நடத்தும் சோதனை எவ்வளவு விரிவாக இருந்தாலும் மாத்திரை எழுதும் உரிமை மருத்துவருக்கே. அறிக்கையை அவர் ஏற்றுக்கொள்வாரா என்று முன்பே கேட்டுக்கொள்ளாதவர்கள் இரண்டு முறை பணம் கட்ட நேர்கிறது.

செலவைக் குறைக்க நினைப்பவர்களுக்கு அரசு வழியும் உண்டு. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலத் துறை இருக்கிறது. 1794-இல் தொடங்கப்பட்டு, இப்போது சென்னை கீழ்ப்பாக்கத்தில் இயங்கிவரும் மனநல மருத்துவமனையில் புறநோயாளிகளைப் பார்க்கிறார்கள். அரசு சாராத வேலூர் சிஎம்சி-யின் பாகாயம் மனநல மையம், பெங்களூரு நிம்ஹான்ஸ் ஆகியவற்றுக்கும் பலர் போகிறார்கள். 2022 அக்டோபரில் தொடங்கிய 'டெலி மானஸ்' உதவி எண்ணான 14416-இல் தமிழிலேயே பேசலாம். பக்கத்தில் எங்கே போகலாம் என்று விசாரிக்க அது பயன்படும்.

இனி மருந்து. அதன் கதை எதிர்பாராத ஒரு பலனில் தொடங்குகிறது. 1937-இல் அமெரிக்காவின் ரோட் ஐலண்டு மாநிலத்தில் சார்லஸ் பிராட்லி என்ற மருத்துவர், நடத்தைச் சிக்கல் உள்ள 30 குழந்தைகளுக்கு பென்சிட்ரின் என்ற ஆம்ஃபெட்டமின் மருந்தைக் கொடுத்துப் பார்த்தார். அவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் முதல் வாரத்திலேயே படிப்பில் ஆச்சரியமாகத் தேறினார்கள். 1944-இல் ஸ்விட்சர்லாந்தின் சீபா நிறுவனத்தில் லியாண்ட்ரோ பனிட்ஸோன் மெத்தில்ஃபெனிடேட்டை உருவாக்கினார். அதைச் சாப்பிட்டுவிட்டு டென்னிஸ் ஆடிய அவர் மனைவியின் செல்லப்பெயர் ரீட்டா. 'ரிட்டலின்' என்ற வணிகப்பெயர் அவரிடமிருந்து வந்தது.

நரம்பு செல்கள் வெளியிட்ட டோபமைனை மறுபடி உள்ளே உறிஞ்சிக்கொள்ளும் வாயில்களை மெத்தில்ஃபெனிடேட் அடைக்கிறது. அதனால் டோபமைன் இடைவெளியில் கொஞ்ச நேரம் கூடுதலாகத் தங்குகிறது. நோரா வோல்கோவ் குழுவினர் 2001-இல் மூளைப் படங்கள் மூலம் இதை மனிதர்களிடமே காட்டினார்கள். சாதாரண மாத்திரையின் வேலை ஏறத்தாழ நான்கு மணி நேரத்தில் முடிந்துவிடும். மெதுவாகக் கரையும் வகை பத்து மணி நேரத்துக்கு மேல் தாங்கும், விலையும் கூடுதல். பசி குறையும், தூக்கம் தள்ளிப்போகும், நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் சற்று ஏறும். நீண்டகாலம் எடுப்பவர்களுக்கு உயர் ரத்த அழுத்த ஆபத்து கூடுவதை 2024-இல் வெளியான ஸ்வீடன் ஆய்வு ஒன்று காட்டியிருக்கிறது. அதனால் ஒவ்வொரு வருகையிலும் அழுத்தம் பார்ப்பது சடங்குக்காக அல்ல.

இந்தியாவில் இந்த மாத்திரை போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் பட்டியலிலும், மருந்து விதிகளின் 'எக்ஸ்' அட்டவணையிலும் இருக்கிறது. அட்டையின் இடது மேல் மூலையில் சிவப்பு எழுத்தில் 'எக்ஸ்ஆர்எக்ஸ்' குறி இருக்கும். மருத்துவர் சீட்டை இரண்டு பிரதியாக எழுத வேண்டும். ஒன்றைக் கடைக்காரர் வாங்கி இரண்டு ஆண்டு பத்திரப்படுத்த வேண்டும். மருந்தைப் பூட்டிய அலமாரியில்தான் வைக்கலாம். இதற்கெல்லாம் தனி உரிமம் வேண்டும் என்பதால் தெருமுனை மருந்துக்கடைகள் பெரும்பாலும் அதில் இறங்குவதில்லை. பெரிய மருத்துவமனைகளோடு ஒட்டிய சில கடைகளில்தான் கிடைக்கும். 2020 மார்ச்சில் வெளியான தொலைமருத்துவ வழிகாட்டு நெறிகளின்படி, 'எக்ஸ்' அட்டவணை மருந்தைக் காணொளி ஆலோசனையில் எழுதித் தரவும் முடியாது. திண்டுக்கல் பக்கம் ஒரு சிற்றூரில் இருப்பவர் மாத்திரைக்காக மாதாமாதம் மதுரைக்குப் பஸ் ஏறினால், டிக்கெட்டும் அரை நாள் சம்பளமும் மருந்தின் விலையைத் தாண்டிவிடக்கூடும். நாள், நேரம், சீட்டு என்று எதையும் மறக்காமல் வரச் சொல்லும் இந்த ஏற்பாடு, மறதியையே நோயாகக் கொண்டவர்களுக்கானது.

சட்டத்தின் கெடுபிடிக்குக் காரணம் இல்லாமல் இல்லை. கட்டுப்பாடு தளர்ந்தால் என்ன ஆகும் என்பதை அமெரிக்கா காட்டியது. கோவிட் காலத்தில் அங்கே காணொளி வழியாகவே இம்மருந்துகளை எழுத அனுமதி கிடைத்தது. சில இணைய நிறுவனங்கள் அவசர அவசரமாகச் சீட்டு கொடுத்ததாக விசாரணைக்கு ஆளாயின. 2022 அக்டோபரில் ஆம்ஃபெட்டமின் வகை மருந்தான 'அடெரால்' தட்டுப்பாடு அதிகாரபூர்வமாக அறிவிக்கப்பட்டது. 2023-இல் அந்நாட்டில் 1.55 கோடி பெரியவர்களுக்கு ஏடிஹெச்டி இருப்பதாகக் கண்டறியப்பட்டிருந்தது. அவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்குத் தெரியவந்ததே 18 வயதுக்குப் பிறகு. மெத்தில்ஃபெனிடேட், அடெரால் போன்ற ஊக்க மருந்து எடுத்தவர்களில் 71.5 சதவீதம் பேர், கடையில் சரக்கு இல்லாமல் அலைந்ததாகச் சொன்னார்கள். அங்கிருந்து ஊர் திரும்பும் நம்மவர்களுக்கு இன்னொரு சிக்கல் காத்திருக்கிறது. அடெரால் இந்தியச் சந்தையில் இல்லை. இங்குள்ள மருத்துவரிடம் காட்டி வேறு மருந்துக்கு மாற வேண்டும்.

பலருக்கு அந்த மாற்று அட்டோமாக்செட்டின். 2002-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற இது ஊக்க மருந்து வகையைச் சேராதது. 'எக்ஸ்' அட்டவணையில் இல்லாததால் சாதாரண மருந்துக்கடையில் வழக்கமான சீட்டுக்கே கிடைக்கும். முழுப் பலன் தெரிய நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும் என்பதைச் சொல்லாமல் விட்டால், இரண்டாம் வாரத்திலேயே 'ஒன்றும் ஆகவில்லை' என்று நிறுத்திவிடுவார்கள். தொடக்கத்தில் குமட்டலும் வாய் உலர்வதும் சகஜம். 133 ஆய்வுகளை ஒப்பிட்டு 2018-இல் 'லான்செட் சைக்கியாட்ரி' வெளியிட்ட அலசலில், பெரியவர்களுக்கு அட்டோமாக்செட்டினைவிட ஊக்க மருந்துகளின் பலன் சற்றுக் கூடுதலாகவே இருந்தது. ஆனால் கிடைக்காத முதல்தர மருந்தைவிட, கிடைக்கும் இரண்டாம்தர மருந்தை மருத்துவர்கள் எழுதுவதில் நியாயம் இருக்கிறது.

இவ்வளவு பாடுபட வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு ஸ்வீடனின் தேசியப் பதிவேடுகளில் பதில் உண்டு. ஏடிஹெச்டி உள்ள 17,408 பேரை வைத்து 2014-இல் வெளியான ஆய்வு, ஒரே ஆளை மருந்து எடுத்த மாதங்களிலும் எடுக்காத மாதங்களிலும் ஒப்பிட்டது. ஆண்களுக்குக் கடுமையான சாலை விபத்தில் சிக்கும் வாய்ப்பு மருந்து எடுத்த காலத்தில் 58 சதவீதம் குறைந்திருந்தது. இரு சக்கர வாகனம் ஓட்டும் தமிழ்நாட்டு இளைஞனின் வீட்டாருக்கு இந்த எண்ணை விளக்க வேண்டியதில்லை. பிரிட்டனில் 2025-இல் வந்த ஆய்வு, கண்டறியப்பட்ட பெரியவர்களின் ஆயுள் சராசரியாக ஆண்களுக்கு 6.78 ஆண்டும் பெண்களுக்கு 8.64 ஆண்டும் குறைவு என்று கணக்கிட்டது. கோளாறே நேரடியாக ஆயுளைக் குறைக்கிறது என்று அதற்குப் பொருளில்லை. புகை, கவனிக்கப்படாத உடல்நோய்கள், கிடைக்காத சிகிச்சை எல்லாம் அந்த எண்ணுக்குள் கலந்திருக்கலாம்.

மாத்திரை கவனத்தைத் தரும், காலண்டரை நிரப்பாது. ஸ்டீவன் சாஃப்ரன் குழுவினர் மருந்து எடுத்தும் அறிகுறி மிஞ்சியிருந்த 86 பேருக்கு நடத்திய சோதனையில், அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை பெற்றவர்கள் மற்றவர்களைவிடத் தெளிவாகத் தேறினார்கள். 12 அமர்வுகளில் கற்றுக்கொடுத்தது மந்திரம் ஒன்றுமில்லை: ஒரே நோட்டு, ஒரே காலண்டர், பெரிய வேலையைத் துண்டு போடுவது, கவனம் சிதறும்போது தோன்றுவதைத் தாளில் குறித்துவிட்டு வேலைக்குத் திரும்புவது. நிபுணர் கட்டணம் கட்டுப்படியாகாதவர்கள்கூட இவற்றில் பாதியை வீட்டிலேயே தொடங்கலாம்.

காப்பீடு இதில் கைகொடுக்குமா? 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 21-ஆவது பிரிவு, உடல்நோய்க்கு இணையாக மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்கிறது. ஆனால் நம் ஊர் மருத்துவக் காப்பீடுகள் பெரும்பாலும் மருத்துவமனையில் படுத்தால்தான் பணம் தரும். ஏடிஹெச்டிக்காக யாரும் படுக்கையில் சேர்வதில்லை. ஆலோசனை, பரிசோதனை, மாதாந்திர மாத்திரை எல்லாமே புறநோயாளிச் செலவு. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் குறிப்பிட்ட கற்றல் குறைபாடு இருக்கிறது, ஏடிஹெச்டி தனியாக இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் மெத்தில்ஃபெனிடேட்டைச் சேர்க்கக் கோரிய விண்ணப்பங்கள் 2019-இலும் 2021-இலும் நிராகரிக்கப்பட்டன. அந்தப் பட்டியலைப் பார்த்தே பல அரசுகள் இலவச மருந்துக் கொள்முதலைத் தீர்மானிக்கின்றன.

ஆகவே இப்போதைக்கு ஒருவர் செய்யக்கூடியது, செலவு குறைந்ததிலிருந்து தொடங்குவது. முதலில் இலவச வினாப்பட்டியல், தைராய்டு, ரத்தசோகைப் பரிசோதனை, தூக்கக் கணக்கு. பிறகு பெரியவர்களின் ஏடிஹெச்டியைப் பார்ப்பவரா என்று போனில் கேட்டுக்கொண்டு, பழைய மதிப்பெண் அட்டைகளோடும் வீட்டார் ஒருவரோடும் மனநல மருத்துவரிடம் போவது. மெத்தில்ஃபெனிடேட் எழுதினால் அது எந்தக் கடையில் கிடைக்கும் என்று அங்கேயே கேட்பது. சீட்டு இரண்டு பிரதியாக இருக்கிறதா என்று வெளியே வருவதற்குள் சரிபார்ப்பது. அடுத்த வருகைக்கான தேதியை, மருத்துவர் எதிரில் இருக்கும்போதே கைப்பேசியில் அலாரமாகப் போட்டுக்கொள்வது.